போகாத மஞ்சள்

“எங்க அக்காவைக் கம்பி எண்ண வைக்கணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

எங்களிடம் வழக்கு கொண்டுவருகிறவர்கள் பொதுவாக அழுவார்கள், இல்லையென்றால் பொய் சொல்வார்கள். இந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் சமையலறை வாசலில் நின்று அண்ணியை முறைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் பதிலுக்கு முறைத்தார். நடுவில் நான் நின்றேன். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தார். ஒருநாள் மேலதிகாரியின் கிளெய்மையே பிடித்துவிட்டதால் வேலை போயிற்று. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கொழுந்தன், டிரைவர், எடுபிடி, திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஆள்.

“அக்கா என்ன செஞ்சாங்க?” என்றார் அண்ணி.

“அக்கான்னு சொல்லாதீங்க. கெமிஸ்ட்டம்மான்னு சொல்லுங்க. எனக்கு அப்படி யாரும் கிடையாது.”

அவள் ஒரு அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். விரல் நீளக் கண்ணாடிப் பட்டைகள் சரிந்து விழுந்தன. எல்லாம் மஞ்சள்.

“இந்தக் காலனிக்குப் பின்னாடி பழைய பேட்டரி உருக்கற ஆலை இருக்கு. எங்க தண்ணியில ஈயம் கலக்குதோன்னு எல்லாருக்கும் பயம். அந்தம்மா வேலை பார்க்கற லேப்ல இருந்து வீட்டுக்கு வீடு இதைக் குடுத்தாங்க. தண்ணியில முக்கினா, ஈயம் இருந்தா சிவப்பாகும், இல்லாட்டி மஞ்சளாவே இருக்கும். தினம் ஒண்ணை முக்கினோம். தினமும் மஞ்சள். நம்பிக் குடிச்சோம். இப்ப என் பையன் ஆஸ்பத்திரியில கிடக்கான். இந்தத் தெருவுல இன்னும் நாலஞ்சு பிள்ளைங்க.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“முதல்ல தண்ணியைத்தான் கேட்டார். நான்தான் புத்திகெட்டுப்போய் இந்தப் பட்டையைக் காட்டினேன். அப்ப தண்ணி காரணமில்லைன்னுட்டு வேற எதையெதையோ தேடிட்டு இருக்கார்.” முதல்முறையாக அவள் குரல் தடுமாறியது. உடனே அதையும் முறைப்பாக மாற்றிக்கொண்டாள். “போன வாரம் அந்தம்மா போன் பண்ணி, பட்டை மேல சந்தேகமா இருக்கு, தண்ணியைக் குடிக்காதேன்னாங்க. பிள்ளை படுத்த படுக்கையான பிறகு! நல்லதுங்க, வச்சிடுங்கன்னேன்.”

“வெளி லேப்ல தண்ணியைக் குடுத்துப் பார்க்கலையா?”

“குடுத்திருக்கோம். பதில் வர நாளாகுமாம். ஆனா லேப்ல கமிட்டி இன்னைக்கே கூடுது. தண்ணியில குறையில்லை, பட்டையில குறை இருந்தா அதுக்குக் கெமிஸ்ட் பொறுப்புன்னு டைரக்டர் எழுதிவச்சிருக்காராம். கையெழுத்து விழுந்துட்டா டாக்டர் தண்ணிப் பக்கமே திரும்ப மாட்டார்.”

எப்படி விழுந்தாலும் டைரக்டரின் மீசையில் மண் ஒட்டாத ஏற்பாடு. எனக்கு அந்த மனிதரைப் பார்க்காமலே பிடிக்கவில்லை.

“என் அக்காவுக்கு... அந்தம்மாவுக்கு ஆலைக்காரன் என்ன குடுத்தான்னு கண்டுபிடிங்க. போதும்.”

ஒரு பட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நான் வெளியே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

காரில் ஏறியதும் அண்ணி என் சட்டையைப் பார்த்தார்.

“நெஞ்சுல என்ன கறை?”

“யாராவது முத்தம் குடுத்தா சிவப்பா இருக்கணும் அண்ணி. இது மஞ்சள். நான் நிரபராதி.”

“கையைக் காட்டு.”

காட்டினேன். கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. பட்டையைப் பிடித்த விரல்.

“வேர்த்துதா?”

“உங்ககூட வந்தா வேர்க்காம என்ன செய்யும்?”

அண்ணி என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் உதறும்.

“தம்பி, தினம் தண்ணியில முக்கி எடுக்கறதுக்குன்னே செஞ்ச பொருள். உன் வேர்வைக்கே சாயம் போகுதாம். லேபுக்கு விடு வண்டியை.”

லேப் வாசலில் காவலாளி எங்களைத் தெருநாயைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கெமிஸ்ட்டின் தங்கை வீட்டிலிருந்து வருகிறோம் என்றதும் இன்னும் மோசமாகப் பார்த்து, “அந்தம்மா லீவுல போறாங்க. சாமானை எடுத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் பேசிட்டுக் கிளம்புங்க” என்று உள்ளே விட்டான்.

போர்ட்டிகோவில் ஒரு டிரைவர் வெளிக்குழாயிலிருந்து பெரிய பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்து, பளபளப்பான கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்கனவே ஒரு கேன் உள்ளே இருந்தது.

“என்ன அண்ணே, கார் தண்ணியிலயே ஓடுதா?” என்றேன்.

“டைரக்டர் வீட்டுக்கு. தினம் போகுது. உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?”

“வீடு எங்கே?” என்றார் அண்ணி.

“காலனிச் சுவருக்கு அந்தப் பக்கம், குவார்ட்டர்ஸ்.”

“அங்க குழாய் இல்லையா?”

“ஏன் இல்லாம? காலனிக்கு வர்ற அதே குழாய்தான். சாருக்கு இந்தத் தண்ணிதான் பிடிக்கும். உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

எங்களுக்கு வேறு வேலை இருந்தது. அண்ணி மட்டும் அந்தக் கேனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கெமிஸ்ட் உள்ளே ஒரு நீள மேசைமுன் நின்று தன் சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் அதே மூக்கு, அதே முறைப்பு.

“என் தங்கச்சி அனுப்பினாளா? நல்லது. நான்தான் குற்றவாளின்னு எழுதிக்குங்க. போயிட்டு வாங்க.”

“போறோம். அதுக்கு முன்னாடி என் கொழுந்தன் விரலைப் பாருங்க.”

“டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“உங்க பட்டையைத் தொட்டதால வந்த மஞ்சள்.”

பை ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு நான் கொண்டுவந்திருந்த பட்டையைப் பிடுங்கி ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்தாள். துணி மஞ்சளானது, பட்டை வெறும் கண்ணாடியானது. வேறோர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது சப்பென்று பரவியது.

“இது என் பட்டை இல்லை,” என்றாள்.

“எப்படிச் சொல்றீங்க?”

“உங்களுக்குப் புரியாது.”

“இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்கும் புரிஞ்சிடும்,” என்றார் அண்ணி. இந்த மாதிரி மரியாதையெல்லாம் எனக்குப் பழகிப்போனது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “கண்ணாடி சிலிக்காவால ஆனது. சாயம் அது மேல தானா நிக்காது, கழுவினா போயிடும். அதனால நடுவுல ஒரு மருந்து பூசுவோம். அதோட ஒரு கை சிலிக்காவைப் பிடிச்சுக்கும், இன்னொரு கை சாயத்தைப் பிடிச்சுக்கும்.”

“பஸ்ல ஒரு கையில கம்பியும் ஒரு கையில பிள்ளையும் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி,” என்றேன்.

முறைத்தாள். ஆனால் தலையை ஆட்டினாள். “அந்தச் சாயத்துக்கு ஈயம்னா ஆகாது. பட்டா சிவந்துபோகும். என் பட்டையைத் துணியால தேய்ச்சா மஞ்சள் வராது. தண்ணி விட்டா பரவாது, தாமரை இலையில நிக்கற மாதிரி உருண்டு நிக்கும். இதுல மருந்தே இல்லை. வெறும் கண்ணாடியில ஏதோ சாதா மஞ்சள் சாயத்தைத் தடவி அனுப்பியிருக்காங்க.” திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்படின்னா... ஜாடி காரணம் இல்லையா?”

“எந்த ஜாடி?” என்றார் அண்ணி.

அவள் மறுபடி பை ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்தது.

“தங்கச்சி பையன் பேரால கேக்கறேன். எந்த ஜாடி?”

கெமிஸ்ட் எதிர்ச் சுவரைக் காட்டினாள். பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது: பூச்சு வேலைக்குக் கண்ணாடிப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் மட்டும். — டைரக்டர்.

“மருந்துக்குப் பட்டை எது, பாத்திரம் எதுன்னு தெரியாது. ரெண்டும் சிலிக்கா. கண்ணாடிப் பாத்திரத்துல செஞ்சா பாத்திரமும் குடிச்சுடும், பட்டைக்குப் பூச்சு மெலிஞ்சுடும். இங்க இருந்த ஒரே பிளாஸ்டிக் தொட்டி விரிஞ்சுபோச்சு. புதுசு கேட்டேன், அடுத்த மாசம் பார்க்கலாம்னார். காலனிக்கு அவசரம்னு நான் யாருக்கும் தெரியாம ஒரு கண்ணாடி ஜாடியில செஞ்சேன். பிள்ளைங்க படுத்ததும், என் பூச்சு மெலிஞ்சு ஏமாத்திடுச்சுன்னு நினைச்சேன். தண்ணியை மறுபடி பார்ப்போம்னு சொன்னேன், டைரக்டர் என்னை லீவுல போகச் சொல்லிட்டார். ஜாடி விஷயத்தை வெளியில சொல்லத் தைரியம் வரலை.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முன்னாடியெல்லாம் சண்டை வந்தா என் தங்கச்சி ‘சனியனே’ம்பா. இப்ப வாங்க போங்கன்னு பேசறா. அதைக் கேக்கறதுக்குச் செருப்பால அடி வாங்கலாம்.”

“நீங்க செஞ்ச நிஜப் பட்டை ஒண்ணாவது மிச்சம் இருக்கா?”

“பெட்டியில போட்டு டைரக்டர் ரூமுக்கு அனுப்பினேன். லேபிள், சீல் எல்லாம் அங்கதான் ஒட்டினாங்க. ஒண்ணுகூட என்கிட்ட இல்லை.”

“ஜாடி?”

“எவ்வளவு தேய்ச்சும் மஞ்சள் போகலை. கழுவற இடத்துல விட்டுவச்சிருந்தேன். மறுநாள் காணோம். கேட்டா விஷயம் வெளியில வந்துடும்னு கேக்கலை. அகல வாய். விளிம்புல ஒரு இடத்துல உடைஞ்சிருக்கும்.”

அண்ணி எழுந்தார். “வாங்க, டைரக்டரைப் பார்த்துட்டு வரலாம்.”

“அவர் என்னை உள்ளேயே விட மாட்டார்,” என்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

“எங்களையும்தான். தம்பி, உள்ளே போனதும் கதவை முழுசா சாத்தாதே.”

டைரக்டரின் அறையில் குளிர் எலும்பைத் துளைத்தது. மேசைமேல் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த அறிக்கை, ஒரு தண்ணீர்க் கூஜா, ஒரு டம்ளர், கொத்தாகப் பூக்கள்.

“ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல செக்யூரிட்டி வருவான்,” என்றார். கெமிஸ்ட்டைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. “உனக்கு இங்க என்ன வேலை?”

“காலனித் தண்ணியில ஈயம் இருக்குன்னு சந்தேகப்படறோம்,” என்றார் அண்ணி.

“படுங்க. அது உங்க தொழில். பட்டை மஞ்சளா இருந்துது, தண்ணி சுத்தம். பிள்ளைங்களுக்கு வந்தது வேற ஏதோ.”

“உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?”

டைரக்டர் சிரித்தார். கூஜாவிலிருந்து டம்ளரில் ஊற்றினார். “இந்தக் கட்டடத்துக்கும் காலனிக்கும் ஒரே லைன். இது நம்ம குழாய்த் தண்ணி. பாருங்க.” பாதி டம்ளரை மடக்மடக்கென்று குடித்து மேசையில் தட்டி வைத்தார். “செத்துட்டேனா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம் முடியலையே சார்,” என்றேன்.

“வெளியே போடா!”

“பூ அழகா இருக்கு,” என்றார் அண்ணி, யாரும் எதுவும் பேசாததுபோல. “தினம் தண்ணி மாத்துவீங்களா?”

“நானே மாத்துவேன். அதுக்கும் கேஸா?”

“எந்தத் தண்ணி?”

“இதே தண்ணிதான். இப்ப எழுந்திருங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பூக்களைக் கொத்தாகத் தூக்கி அவருடைய குப்பைக்கூடையில் வைத்தேன். அவர் பாய்வதற்குள் அண்ணி பூ இருந்த ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அகல வாய். விளிம்பில் ஒரு உடைசல்.

கெமிஸ்ட்டின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி அறிக்கையை எடுத்துப் பின்பக்க வெள்ளையை ஜாடிக்குப் பின்னால் பிடித்தார். அதுவரை மங்கலாகத் தெரிந்த கண்ணாடி இப்போது பேச ஆரம்பித்தது. தண்ணீர் எட்டாத மேல் பாகம் வெளிர் மஞ்சள். தண்ணீர் நின்ற இடத்திலிருந்து கீழே முழுக்கச் செங்கல் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு.

“கறை,” என்றார் டைரக்டர். “பூத்தண்டு அழுகின கறை. கழுவற இடத்துல கிடந்த பழைய ஜாடி, சும்மா எடுத்துட்டு வந்தேன்.”

அண்ணி தன் கைக்குட்டையை நீட்டினார். “கறைன்னா தேய்ச்சா போகணும். தேய்ங்க.”

அவர் தேய்த்தார். நன்றாக அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

“காலனிக்கு வந்த பட்டை இவன் வேர்வைக்கே வெளுத்துது. இது ஏன் சார் போகமாட்டேங்குது?”

“போகாது,” என்றாள் கெமிஸ்ட். “கண்ணாடியில பூச்சு பிடிச்சா பிரிக்க முடியாது, அதான் கண்ணாடிப் பாத்திரம் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே சார்தான். என் பட்டை எல்லாத்தையும் அழிச்சுட்டார். பட்டையைச் செஞ்ச பாத்திரத்தைத் தன் மேசையிலயே வச்சிருக்கார்.”

அவள் ஜாடியைக் காலி செய்தாள். தன் பையிலிருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை மேல்பாகத்து மஞ்சளில் ஒழுகவிட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பிறகு டைரக்டர் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து அதன் பக்கத்தில் சாய்த்தாள்.

நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் இறங்கிய தடம் முதலில் ஆரஞ்சாகி, பிறகு மெல்லச் சிவந்தது.

“இருக்காது!” டைரக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “இது வேற லைன்! நம்ம கட்டடத்துக்குத் தனி ஆழ்துளை, அந்த அழுக்கு இதுல வராதுன்னு ஆலைக்காரன் என்கிட்ட சத்தியம்...”

தன் வாயால் கெட்ட தவளை திரும்பக் குளத்துக்குள் போக முடியாது.

“ஒரே லைன்னு இப்பத்தானே குடிச்சுக் காட்டினீங்க?” என்றார் அண்ணி. “எந்த லைன்ல அழுக்கு வருதுன்னு தெரிஞ்சவருக்குப் பட்டையை மாத்தினது யாருன்னும் தெரிஞ்சிருக்குமே.”

திறந்திருந்த கதவருகே கமிட்டி ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ. அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் முழுவதும் கேட்டுவிட்டது தெரிந்தது.

டைரக்டர் அவர்களைப் பார்க்கவில்லை. ஜாடியையே பார்த்தார். அண்ணி மெதுவாகக் கேட்டார். “வீட்டுக் குழாய்த் தண்ணி வேண்டாம்னுதானே தினம் இங்கேயிருந்து கேன் போகுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அப்போதுதான். மேசையில் இருந்த போனைப் பாய்ந்து எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது, அணைக்கத் தெரியவில்லை.

“கேன் தண்ணியை யாருக்கும் குடுக்காதே! கீழே கொட்டு!”

“என்னங்க இது?” என்றது ஒரு பெண் குரல், சலிப்பாக. “பிள்ளைங்களுக்கு இதைத் தவிர வேற தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தனை நாளா வேற எதைக் குடுத்தேன்?”

அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள்மேல் வந்தது.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றார் அண்ணி. “காலனியில எந்த அம்மாவுக்கும் இந்தப் போன் வரலை, சார்.”

ஜாடியைக் கமிட்டிக்காரர்கள் கையில் கொடுத்து, கையெழுத்தில்லாத அறிக்கையை அதற்குள் சுருட்டிச் செருகினார். பிறகு தன் போனில் ஒரு எண்ணை அழுத்திக் கெமிஸ்ட்டிடம் நீட்டினார்.

“தங்கச்சி ஆஸ்பத்திரியிலதான் இருப்பா. ஈயம்தான்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.”

கெமிஸ்ட் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் பேசியது கேட்கவில்லை. எதிர்முனை கத்தியது மட்டும் கேட்டது. நீளமாகக் கத்தியது. கெமிஸ்ட் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் போனை இறக்கிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் வருவதற்குள் எங்கள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

“ரொம்பத் திட்டிட்டாளா?” என்றேன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“ஆமா,” என்றாள். வாய்கொள்ளாத சிரிப்பு. “‘அந்தக் கெமிக்கல் பேரெல்லாம் எனக்கு வாயில வராது, நீயே வந்து டாக்டர்கிட்ட சொல்லித் தொலை, சனியனே’ங்கறா.”